பன்னிரண்டு நிமிடத் தாமதம்

சென்னைக்கும் லிமாவுக்கும் நடுவில் சுமார் பதினேழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். சென்னையிலிருந்து இதைவிடத் தள்ளிப் பெண் கொடுக்க வேண்டுமென்றால் கடலுக்குள்தான் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் இரண்டு விமானம் மாறி, நடுவில் ஏதோ ஓர் ஊரில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்து, போய்ச் சேர ஒன்றரை நாளாகும். இப்போது ஐந்தே நிமிடம். விமான நிலையத்தில் ஏற்றிவிட்டவர்கள் தங்கள் கார் எங்கே நிற்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள், ‘வந்து சேர்ந்துட்டேன்’ என்று அங்கிருந்து போன் வந்துவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தூரம் என்ன, சும்மா விட்டுவிடுமா? ஐந்து நிமிடம் என்பது வெளியே இருப்பவர்களுக்கு. தூரத்தை மடித்துக்கொண்டு பறக்கும் இந்த மடிப்பு விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முழுசாக இருபது மணி நேரம். சாப்பிட்டு, தூங்கி, பக்கத்து சீட்காரரின் மருமகளைப் பற்றிய புகார்களையெல்லாம் கேட்டு, இரண்டு தடவை பல் தேய்த்து இறங்கினால் வெளியே ஐந்து நிமிடம்தான் போயிருக்கும். நேரம் மிச்சம் என்று விளம்பரத்தில் வாய் கிழியச் சொல்வார்கள். யாருடைய நேரம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எப்போதாவது போகிறவருக்கு ஆயுளில் ஒரு நாள் போனால் ஒன்றும் தெரியாது. வாரத்துக்கு நாலு தடவை போய்வருகிறவளுக்குத் தெரியும். பகவதி அப்படிப்பட்டவள். வள்ளியூர்க்காரி, அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண். ஊர்க் கணக்கில் அவளுக்கு வயது முப்பத்தாறு, உடம்புக் கணக்கில் நாற்பத்தைந்து. போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனவள் வழக்கம்போல அக்கா ஆவுடையின் காலில் விழக் குனிந்தாள். அக்கா துள்ளி விலகினாள்.

“ஏட்டி, இப்ப நீதாம் மூத்தவ. நாம்லா உன் காலுல விழணும்” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பகவதியும் போய்ப் பார்க்கவில்லை, பார்த்தால் இரண்டு பேருமே அழ வேண்டியிருக்கும்.

ஆனாலும் அவள் வேலையை விடவில்லை. யார் யாரோ அறுபது பேர் முறைத்துக்கொண்டு ஏறுவார்கள், இருபது மணி நேரம் கழித்து ஒரு வீட்டு ஆட்கள்போல இறங்குவார்கள். அப்படி இறக்கிவிடுவதில் அவளுக்கு ஒரு கர்வம். இருக்கட்டுமே, அதில் தப்பு என்ன?

அன்று மாலை கதவைச் சாத்தும் நேரத்தில் ஒரு பெண் ஓடி வந்தாள். ஆபரேஷன் தியேட்டரின் பச்சை உடுப்பின் மேல் ஒரு சால்வை, கையில் ஓர் எவர்சில்வர் பெட்டி, வேறு சாமான் கிடையாது. டாக்டர் மெஹ்ராஜ் பானு. முப்பத்து மூன்று வயதிருக்கும். முந்தின நாளிலிருந்து ஓர் ஆபரேஷனில் நின்ற கால் அப்படியே விமானத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

“அக்கா, ஒரு டம்ளர் தண்ணி. அப்புறம் பத்து மணி நேரத்துக்கு என்னை எழுப்பாதீங்க” என்றாள். தண்ணீர் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

விமானம் மேலே ஏறி மடிப்புக்குள் நுழைந்தது. ஜன்னல்களில் சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் தெரியாது, போன் வேலை செய்யாது, வெளியே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. ஏனென்றால், வெளியே யாரோ ‘ஹலோ’ என்று வாய் திறந்து மூடுவதற்குள் இங்கே பல நிமிடங்கள் ஓடிவிடும்.

சொன்னபடி பத்து மணி நேரம் கழித்து பானு எழுந்தாள். இரண்டு தட்டு உப்புமாவைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள். பிறகு கிளம்பும்போது லிமாவிலிருந்து வந்து சேர்ந்த படங்களைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னம்மா?” என்றாள் பகவதி.

“லிமால ஆறு மாசக் குழந்தை, பெண் குழந்தை. நெஞ்சைத் திறந்துட்டாங்க. திறந்தப்புறம்தான் இது தங்களால ஆகாதுன்னு தெரிஞ்சிருக்கு. குழந்தை இப்ப மெஷின்ல இருக்கு, ஒன்றரை மணி நேரத்துக்குள்ள நான் தைக்க ஆரம்பிச்சாகணும். இந்த ஆபரேஷனை எங்க சார்தான் முதல்ல செஞ்சார். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம். பக்கத்துல நின்னு கத்துக்கிட்டது நான் ஒருத்திதான்.”

“பிறகென்ன, உங்களுக்குத் தெரியுமே.”

“தெரியும். ஆனா இந்தக் குழந்தைக்கு இருதயம் வலது பக்கம் இருக்கு. எல்லாக் குழாயும் கண்ணாடியில தெரியற மாதிரி மாறிக் கிடக்கு. நான் அந்தப் பக்கமா நின்னு, இடது கையால தைக்கணும். இடது கையால நான் ஒரு பட்டன்கூடத் தைச்சதில்லை.”

சொல்லிவிட்டுச் சும்மா உட்காரவில்லை. சமையல் மேடையிலிருந்து ரப்பர் கையுறைகள் கேட்டாள். எவர்சில்வர் பெட்டியைத் திறந்து ஊசியும் நூலும் எடுத்தாள். கையுறை விரல்களை வெட்டி எடுத்து, இதுதான் ரத்தக் குழாய் என்று வைத்துக்கொண்டு, ஒன்றை இன்னொன்றோடு இடது கையால் தைத்தாள். தைத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஒழுகியது. மறுபடி தைத்தாள். மறுபடி ஒழுகியது. ஐந்து மணி நேரம் விடாமல் தைத்தாள். சமையல் மேடை முழுக்க ஈரம். கடைசியில் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, இந்த விமானம் இன்னும் மூணு நாள் மடிப்புக்குள்ளயே சுத்த முடியுமா? மூணு நாள்னா வெளிய பதினெட்டு நிமிஷம்தான். குழந்தை அதைத் தாங்கும். நான் கத்துக்குவேன்.”

பகவதி கேப்டனிடம் ஓடினாள். கேப்டன் தேவசகாயம் நாகர்கோவில்காரர், எதற்கும் பதறாத மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“எரிபொருள் இருக்கு. திரும்பி வர்றதுக்கு வச்சிருக்கிறதைத் தொட்டா மூணு நாள் தாங்கும். தண்ணியும் சுத்தமாகித் திரும்ப வந்துடும். சாப்பாடு?”

“இன்னும் ஒரு வேளைக்குத்தான் இருக்கு சார்.”

“அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு பகவதி. பயணியோட ஆயுள்ல ஒரு மணி நேரம் கூடுதலா எடுக்கணும்னாலும் அவர் சம்மதிக்கணும். சட்டம் அது, நியாயமும் அதுதான். அறுபது பேர்ல ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும் நாம இறங்கிடணும். போய்க் கேளு. யாரையும் கட்டாயப்படுத்தாதே.”

பகவதி மைக்கை எடுக்கவில்லை. ஆயுளைக் கேட்பவள் முகத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சீட் வரிசைகளுக்கு நடுவே நின்று, ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஒரே கசமுசா.

பண்ருட்டியிலிருந்து முந்திரி ஏற்றுமதி செய்யும் குணசீலன் எழுந்து நின்றார்.

“இந்தாம்மா, நான் இவ்வளவு பணம் கட்டி ஏறினது சீக்கிரம் போறதுக்கு.”

“சீக்கிரம்தான் போவீங்க சார். எல்லாம் சேர்த்து வெளிய அரை மணி நேரம்கூட ஆகாது.”

“அது எனக்காகக் காத்திட்டிருக்கிறவனுக்கு. எனக்கு நாலு நாள்!”

“ஆமா சார். எனக்கும் நாலு நாள்தான். டாக்டருக்கும் நாலு நாள்தான்.”

குணசீலன் சமையல் மேடைப் பக்கம் பார்த்தார். அங்கே பானு இதையெல்லாம் காதில் வாங்காமல் நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

“சரி, சாப்பாட்டுக்கு என்ன வழி? பட்டினி போட்டுச் சாகடிக்காதீங்க” என்றார். அது சம்மதம்தான்.

சாப்பாடா? அடேயப்பா, அந்தக் கூத்தைத்தான் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் போகிற ஊருக்கு ஏறியவர்கள் பைகளைத் திறந்தார்கள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, ஒரு டின் நிறைய முறுக்கு, இன்னொரு டின் நிறைய அதே முறுக்கு, அதிரசம், அரிசி, அப்பளம், ஒருவர் பையில் சின்ன குக்கர்! லிமாவில் அரிசி கிடைக்காது என்று எவர் சொன்னாரோ! எத்தனையோ முறை பகவதி இந்தப் பைகளின் எடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் பைகளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். தேனிலவுக்குப் போகிற ஜோடி, அவள் கேள்வியை முடிப்பதற்குள் சரி என்றது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் குழந்தையை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். சிலர் யோசித்தார்கள், சிலர் முனகினார்கள், ஒருவர் பாத்ரூமுக்குப் போய் நிறைய நேரம் இருந்துவிட்டு வந்து சரி என்றார். கடைசி வரிசை ஜன்னல் சீட் மட்டும் பாக்கி.

அங்கே சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். அந்தியூர்ச் சந்தையில் நாற்பது வருடம் மாட்டுத் தரகராக இருந்தவர். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைக்கரைத் துண்டு, எலும்பின் மேல் தோல் போர்த்திய உடம்பு.

“முடியாதுங்க அம்மிணி” என்றார்.

பகவதி அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “ஏன்னு கேக்கலாமாங்க ஐயா?”

“எனக்குக் கணையத்துல புத்து. மாசக் கணக்கெல்லாம் இல்லீங்க, வாரக் கணக்குன்னு சொல்லிப்போட்டாங்க. என்ற புள்ள மயிலா அங்க மாட்டு டாக்டரு. மாடுன்னா மாடில்லீங்க, ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் பொறந்தாப்பல ஒரு சீவன் இருக்குதாம், அதுக்கு வைத்தியம் பாக்குறா. அவ போயி ஒம்பது வருசமாச்சு. நானும் ஒருக்காக்கூடப் போகல. அவளும் வரல. ஏன் தெரியுங்களா? அஞ்சு நிமிசத்துல போற ஊருதான, அடுத்த மாசம் போலாம், அடுத்த மாசம் போலாம்னு ரெண்டு பேரும் தள்ளித் தள்ளிப் போட்டோம். ஒன்றரை நாள் ஆகுற ஊரா இருந்திருந்தா அப்பவே மூட்டையைக் கட்டியிருப்பனுங்க.”

மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

“இப்ப எங்கிட்ட இருக்கறது கொஞ்சோண்டு நாளு. அதுல மூணு நாள் கேக்குறீங்க. வழியிலயே எனக்கு எதாச்சும் ஆகிப்போச்சுன்னா என்ற புள்ள மூஞ்சியப் பாக்காமயே போயிருவேன். குழந்தை பாவந்தானுங்க. நானும் பாவந்தானுங்களே.”

பகவதி சரிங்க ஐயா என்று எழுந்தாள். ஆனால் மற்றவர்கள் விடுவார்களா? சேதி முன் வரிசைக்குப் போவதற்குள் குணசீலன் பாய்ந்து வந்துவிட்டார்.

“பெரியவரே, பச்சக் குழந்தைங்க! நாங்கெல்லாம் கொடுக்கலையா?”

“எல்லாரும் கேளுங்க” என்று ஒரு குரல். பானு. கையில் பாதி தைத்த ரப்பர் விரல். “நீங்க கொடுத்தது கையில நிறைய வச்சிருக்கிறதுல கொஞ்சம். அவர்கிட்ட இருக்கிறதே கொஞ்சம். அவர் முடியாதுன்னு சொன்னது சரி. இன்னொருத்தர் நாளைப் பிடுங்கி அந்தக் குழந்தைக்குக் கொடுக்க நான் வரலை. இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள என்ன முடியுமோ செய்றேன். போய் உட்காருங்க சார்.”

குணசீலன் போய் உட்கார்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண் அன்றைக்குப் பேசிய பேச்சுக்காகவே பகவதி அவளுக்காக எதையும் செய்திருப்பாள்.

கொஞ்ச நேரம் கழித்து சீட்டுகளைப் பிடித்துப் பிடித்துச் சென்னியப்பன் சமையல் மேடைக்கு வந்தார். பகவதி ஒரு ஸ்டூலைப் போட்டாள். அவர் பானுவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பானு தைத்தாள், தண்ணீர் ஊற்றினாள், ஒழுகியது. நூலைப் பிரித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

“அம்மிணி, கையைக் குடுங்க” என்றார் சென்னியப்பன்.

“என்னங்க ஐயா?”

“அந்த இடக்கைய.”

அவள் நீட்டினாள். அவர் தோள் துண்டை எடுத்து அவள் கை மேலே போட்டு, துண்டுக்கு அடியில் தன் கையை விட்டு அவள் விரலைப் பிடித்தார். பானு திகைத்துப் போனாள்.

“சந்தையில மாட்டுக்கு வெலை பேசுறது இப்பிடித்தானுங்க. வாயில சொன்னா நாலு பேரு காதுல விழுகும், நாலு பேரு நாயம் சொல்லுவான். துண்டுக்குள்ள பேசுனா கொடுக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் மட்டுந்தான் தெரியும். ஒரு வெரலுக்கு ஒரு நாளு. மடக்கிப் புடிச்சா அரை நாளு. உங்களுக்கு எத்தனை வேணும்னு புடிச்சுக் காட்டுங்க.”

துண்டு அசைந்தது. அவர் தலையை ஆட்டினார், முடியாதாம். மறுபடி அசைந்தது. இப்போது பானு தலையை ஆட்டினாள். பெரியவர் புருவத்தைச் சுளித்தார், உதட்டைப் பிதுக்கினார், எழுந்து போகிறவர்போலக்கூட ஒரு பாவனை செய்தார். பானு விடவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு அவள் அந்தத் துண்டுக்குள் பிடிவாதமாக நின்றாள். பார்த்துக்கொண்டிருந்த பகவதிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆயுளுக்கு யாராவது இப்படிப் பேரம் பேசுவார்களா?

கடைசியில் சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“முடிஞ்சுதுங்க. ரெண்டு நாளு” என்றார் பகவதியிடம். “கையப் புடிச்சுப் பாத்துட்டேன். நல்ல கை. கண்ணுதான் அழுவுது, கை நடுங்கலை.”

பானு அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “ஐயா, ரெண்டு நாள் நீங்க தாங்குவீங்கன்னு ஒரு டாக்டரா என்னால உறுதி சொல்ல முடியாது” என்றாள்.

“வாங்கற மாட்டுக்கு ஆரு கண்ணு உறுதி சொல்றா? நீ போயித் தை.”

விமானம் பசிபிக் கடலுக்கு மேலே எங்கேயோ வட்டமடிக்க ஆரம்பித்தது. கையுறைகள் தீர்ந்தன. தேனிலவுப் பெண் லிமாவில் கணவன் பிறந்தநாளுக்கென்று ஒளித்து வைத்திருந்த பலூன் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். பலூன்களை ஒருவர் வெட்டிக்கொடுக்க, ஒருவர் ஊசியில் நூல் கோத்துக்கொடுக்க, ஒருவர் தண்ணீர் ஊற்றிப் பார்க்க, முறை போட்டுக்கொண்டு வேலை நடந்தது. குணசீலன் குக்கருக்குப் பொறுப்பேற்றார். அவர் வைத்த ரசத்தை யாரும் மறக்க மாட்டார்கள், அவ்வளவு உப்பு. பானு தூங்கும்போது அறுபது பேரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள்.

இரண்டாம் நாள் காலையில் சென்னியப்பனுக்கு முடியாமல் போனது. காய்ச்சல் அனலாகக் கொதித்தது, வலியில் உடம்பு சுருண்டது. இருபது மணி நேரத்துக்கென்று கொண்டுவந்த மாத்திரைகள் முன்பே தீர்ந்திருந்தன. பானு விமானத்தின் மருந்துப் பெட்டியிலிருந்து ஊசி போட்டுவிட்டு, நேரே கேப்டன் அறைக் கதவைத் தட்டினாள்.

“இறக்கிடுங்க கேப்டன். போதும்.”

“உங்க கை வந்துடுச்சா?”

“பத்துக்கு ஏழு ஒழுகலை. மூணு ஒழுகுது. பரவாயில்லை, இறக்கிடுங்க.”

கேப்டன் தேவசகாயம் எழுந்து கடைசி வரிசைக்கு வந்தார். கொடுத்தவர் வாயால் கேட்காமல் எதையும் செய்ய அவருக்கு மனமில்லை. சென்னியப்பன் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“பத்துக்கு மூணு ஒழுகுற கையோட இறங்கறதுக்கா நான் வெலை பேசுனேன்? பேசுனது ரெண்டு நாளு. அதுல அரை நாள் பாக்கி கிடக்குது. அந்தப் புள்ளையப் போயித் தைக்கச் சொல்லுங்க. நான் எங்கயும் போயிர மாட்டேன்.”

பானு போய்த் தைத்தாள். பகவதி அந்த அரை நாளும் பெரியவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டாள். அவர் மூச்சு வருகிறதா என்று பார்ப்பதே வேலையாக இருந்தது. நினைவு வந்தபோதெல்லாம் அவர், “ஒழுகுதுங்களா?” என்று மட்டும் கேட்டார். சாயங்காலம்போல, அதாவது அவர்களுடைய சாயங்காலம், பகவதி குனிந்து அவர் காதில் சொன்னாள்.

“கடைசியா முப்பது தைச்சாங்க ஐயா. ஒண்ணுகூட ஒழுகலை.”

சென்னியப்பன் சிரித்தார். காய்ச்சலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு பகவதியின் கையைப் பிடித்தார்.

“அம்மிணி, ஒண்ணு சொல்றேன். என்ற புள்ளைகிட்ட இதைச் சொல்லிப்போடாதீங்க. அந்த ரெண்டு நாளு எனக்கு மட்டும் சொந்தமில்லீங்க. அவளுக்குந்தான். அவளைக் கேக்காமக் குடுத்துப்போட்டேன்.”

பகவதி சத்தியம் செய்தாள். அவளுக்கு அப்போது அக்கா ஆவுடையின் நினைப்பு வந்தது. இந்த ஒன்பது வருடமும் தன்னுடைய ஆயுளைத்தான் செலவழிக்கிறோம் என்று நினைத்திருந்தாளே! அடுக்களைக்குள் போன அக்கா எதற்காக வெளியே வரவில்லை என்று இப்போதுதான் புரிந்தது.

லிமாவில் காலை ஒன்பது மணி. கடல் மூட்டத்துக்குள் விமானம் இறங்கியது. படிக்கட்டு வந்து சேர்வதற்குள் பானு எவர்சில்வர் பெட்டியோடு கதவருகே நின்றாள். கீழே ஹெலிகாப்டர் காத்திருந்தது. அவள் ஒரே ஒரு முறை திரும்பி, கடைசி வரிசையைப் பார்த்து இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடினாள்.

அடுத்தபடியாக ஏறி வந்தவர் தரை அதிகாரி. முகம் கடுகடுவென்றிருந்தது.

“பன்னிரண்டு நிமிடம் தாமதம். ஐந்து நிமிடப் பயணத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதமா? என்ன காரணம் என்று எழுதட்டும்?”

“கை பழக வேண்டியிருந்தது என்று எழுதுங்கள்” என்றார் கேப்டன். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

வருகைக் கூடத்தில் நீளமான ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மயிலா. சக்கர நாற்காலியில் வந்த அப்பாவைப் பார்த்ததும் அப்படியே மண்டியிட்டுக் கட்டிக்கொண்டாள்.

“லேட்டுன்னு போர்டுல போட்டதும் எனக்கு உசுரே இல்லீங்கப்பா” என்றாள். அழுது முடித்து அவர் கன்னத்தைத் தடவியவள் கையை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். “இதென்ன, இத்தனை தாடி?”

“சவரம் பண்ண மறந்துட்டேன் சாமி.”

மயிலா பகவதியை நிமிர்ந்து பார்த்தாள். பகவதி தரையைப் பார்த்தாள்.

“சரி, வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

“கொஞ்சம் பொறு கண்ணு. ஒரு சேதி வரோணும்.”

அப்போதுதான் மயிலா கவனித்தாள். விமானத்தில் வந்த ஒருவர்கூட வெளியே போகவில்லை. பெட்டிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு அறுபது பேரும் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் வந்து சேர்வதற்காகப் பணத்தைக் கொட்டிக் கொடுத்தவர்கள், மணிக்கணக்காக எழுந்து போகாமல் காத்திருந்தார்கள். அழைத்துப்போக வந்தவர்கள் கடிகாரத்தைக் காட்டிக் கெஞ்சினார்கள். முந்திரி வாங்க வந்த வியாபாரி கோபித்துக்கொண்டு போயே போய்விட்டான். குணசீலன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மிச்சமிருந்த முறுக்கு டின்னை எல்லாரிடமும் நீட்டிக்கொண்டு வந்தார்.

மத்தியானம் தாண்டி பகவதியின் போன் அடித்தது. பேசியது பானு. நாலு வார்த்தைதான் பேசினாள். பகவதி போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

“ஒழுகலை” என்றாள் சத்தமாக. “குழந்தையோட இருதயம் தானா அடிக்குது!”

கூடத்தில் ஒரே கூச்சல். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று கணக்கே இல்லை. குணசீலன் ஓடி வந்து சென்னியப்பன் காலடியில் தொப்பென்று விழுந்தார்.

“உங்க ரெண்டு நாள் ஐயா! உங்க ரெண்டு நாள்தான்!” என்று தேம்பினார்.

மயிலாவுக்கு விளங்கிவிட்டது. கெட்டிக்காரப் பெண். மடிப்பு விமானக் கணக்கு அவளுக்குத் தெரியாததா? பன்னிரண்டு நிமிடம் என்றால் எத்தனை மணி நேரம் என்று ஒரு நொடியில் போட்டுவிட்டாள். முகம் வெளுத்தது. அப்பாவின் எதிரே வந்து நின்றாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேங்கப்பா.”

“எப்பிடிச் சாமி கேக்கறது? நீ இருந்த ஊருல நேரமே நகுருலையே.”

“கேட்டிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்.” அவள் அப்பாவின் கையைப் பிடித்தாள். “ஆரு குழந்தையா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.”

“தெரியுஞ் சாமி” என்றார் சென்னியப்பன். “அதான் அங்கயே பேசி முடிச்சுட்டு வந்தேன்.”

மயிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வாசல் பக்கம் திருப்பி நாற்காலியைத் தள்ள ஆரம்பித்தாள். சுற்றி நின்ற கூட்டம் வழிவிட்டது.

“வீட்டுக்குப் போலாம் வாங்க” என்றாள். “இனி ஒரு நிமிசங்கூட ஆருக்குங் குடுக்க விடமாட்டேன்.”